குடும்ப வன்முறை வழக்குகள்: எந்த நீதிமன்றத்தில் எதைக் கேட்பது?

கணவர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் அடியும் வசையும் பட்ட பெண் ஒருவழியாக வெளியே பேசத் துணியும்போது, சுற்றியிருப்போர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "கேஸ் போட்டாச்சா?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று தனித்தனி நடவடிக்கைகள் கலந்து கிடக்கின்றன என்பதை யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்வதில்லை. காவல் நிலையத்தில் பதிவாகும் குற்ற வழக்கு ஒன்று. நீதித்துறை நடுவர் முன் தாக்கல் செய்யும் குடும்ப வன்முறை மனு இன்னொன்று. குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கும் மணவிலக்கு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு வழக்குகள் மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் தரக்கூடியது வேறு, கேட்கும் சான்று வேறு, நடக்கும் வேகமும் வேறு. இது தெரியாததால், தங்க ஓர் இடமும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் தேவைப்பட்ட பெண், முதல் தகவல் அறிக்கையின் நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அடி நின்றால் போதும் என்று வந்தவர், தான் விரும்பாத மணவிலக்கு வழக்கில் வாய்தாவுக்கு வாய்தா அலைகிறார்.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 29 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களில் எவரிடமாவது உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. அந்தச் சிறிய எண்ணிக்கைக்குள் வந்துசேரும் ஒரு பெண்ணுக்கு, சட்டம் எப்படி இயங்கும் என்பதை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்வது எவரும் செய்யும் உபகாரமாக இருக்க முடியாது. அது அவருடைய உரிமை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, புகாரைப் பெறும் காவல் அதிகாரி, பாதுகாப்பு அலுவலர், சேவை வழங்கும் அமைப்பு, நடுவர் ஆகிய அனைவருக்கும் இதைக் கடமையாகவே விதித்திருக்கிறது: அவருக்கு என்னென்ன நிவாரணங்கள் உண்டு, இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும், குற்றப் புகார் கொடுக்கும் உரிமையும் அவருக்கு உண்டா என்பதை எல்லாம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். விதிகளில் இதற்கென்றே நான்காம் எண் படிவம் ஒன்றும் இருக்கிறது.

குற்ற வழக்குக்கும் உரிமையியல் தன்மையுள்ள மனுவுக்கும் உள்ள வேறுபாட்டில் முதலில் விளங்க வேண்டியது, வழக்கு யாருடையது என்பதாகும். குற்ற வழக்கை நடத்துவது அரசு. புகார் கொடுத்த பெண் அதில் முக்கியமான சாட்சி. வழக்கின் உரிமையாளர் அவர் அல்லர். என்ன பிரிவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது, யாரைச் சாட்சியாக அழைப்பது என்பவற்றைக் காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் தீர்மானிக்கிறார்கள். பிறகு மனம் மாறினாலும் "வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் எழுதிக் கொடுப்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. அந்த நீதிமன்றம் தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நபர் இந்தக் குற்றத்தைச் செய்தார் என்பது நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா? விடை தண்டனையாக இருக்கலாம், விடுதலையாகவும் இருக்கலாம். எந்த விடை வந்தாலும் வீட்டில் வசிக்கும் உரிமையையோ மாதச் செலவுக்கான பணத்தையோ அது தீர்த்துவைக்காது.

குடும்ப வன்முறைச் சட்ட மனுவில் நிலைமை நேர்மாறானது. அங்கே பெண்தான் மனுதாரர். எதைக் கேட்பது, எதை விடுவது, எப்போது திருத்துவது, எப்போது திரும்பப் பெறுவது என்பவை அவர் கையில் இருக்கின்றன. எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்ற அளவிலான சான்றே போதுமானது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் மனு குற்றவியல் நடுவரிடம் தாக்கலாவதால், பலரும் அதைக் குற்ற வழக்கு என்றே எண்ணிப் பயப்படுகிறார்கள். "அவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை" என்று ஒதுங்கும் பெண்கள் உண்டு. இந்த மனுவைப் போட்ட காரணத்துக்காக எவரும் கைதாவதில்லை. நடுவர் இடும் பாதுகாப்பு உத்தரவை மீறும்போதுதான் அது குற்றமாகிறது.

இந்தச் சட்டம் தரக்கூடியவற்றின் வீச்சு, அதை அருகிலிருந்து பார்க்காதவர்களை வியக்க வைக்கும். அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, தொலைபேசியிலோ வேறு வழியிலோ தொடர்புகொள்ளக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவை 18-ஆவது பிரிவு தருகிறது. வசிக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றத் தடை, தேவைப்பட்டால் மாற்று வீடு அல்லது வாடகை, சீதனப் பொருட்களைத் திருப்பித் தரச் செய்தல் ஆகியவை 19-இல் வருகின்றன. மருத்துவச் செலவு, பராமரிப்புத் தொகை, பறிபோன வருமானம் ஆகியவற்றை 20-ஆவது பிரிவில் கேட்கலாம். கணவர் தராமல் இழுத்தடித்தால் அவருடைய சம்பளத்திலிருந்து நேரடியாகச் செலுத்துமாறு முதலாளிக்கே நடுவர் உத்தரவிட முடியும். குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு 21-இலும், மன வேதனைக்கான இழப்பீடு 22-இலும் உண்டு. உடலில் காயம் இருந்தால்தான் வன்முறை என்ற எண்ணத்தையும் இந்தச் சட்டம் ஏற்கவில்லை. ஓயாத இழிசொல், பிள்ளை இல்லை என்ற ஏளனம், ஏ.டி.எம். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, விருப்பமற்ற பாலுறவு ஆகிய அனைத்தும் அதன் வரையறைக்குள் வருகின்றன. கடைசியாகச் சொன்னது தனிக் கவனத்துக்குரியது. 18 வயது நிறைந்த மனைவியைக் கணவர் வற்புறுத்திப் புணர்வதைப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவு இன்றும் வன்புணர்ச்சிக் குற்றமாகக் கருதாமல் விலக்கி வைத்திருக்கிறது. இது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் குற்றவியல் சட்டம் மூடிய இந்தக் கதவுக்கு வெளியே குடும்ப வன்முறைச் சட்டத்தின் நிவாரணங்கள் திறந்தே இருக்கின்றன என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவராகக் கேட்க மாட்டார்.

மனைவி மட்டுமல்லாமல், மகனிடம் அடிபடும் தாய், அண்ணனால் துரத்தப்படும் தங்கை, மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர் ஆகியோரும் இந்த மனுவைப் போடலாம். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாக மட்டுமே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. மணவிலக்கு கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

அதிகம் குழப்பம் நிலவுவது வீடு பற்றித்தான். "வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கு இங்கே உரிமை இல்லை" என்ற ஒரு வாக்கியத்தை நம்பி நள்ளிரவில் வெளியேறிய பெண்கள் எத்தனையோ பேர். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, பகிர்ந்து வாழ்ந்த வீடு கணவருக்குச் சொந்தமானதாகவோ கூட்டுக் குடும்பச் சொத்தாகவோ இருக்க வேண்டிய அவசியமில்லை, கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாகவும் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. இது வசிக்கும் உரிமையே தவிர, சொத்தில் பங்கு தரும் உரிமை அன்று. அந்த எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயதான மாமனார் மாமியாரின் நலனையும் நீதிமன்றம் எடைபோடும். அப்போது அதே வீட்டில் தனிப் பகுதியோ வேறிடத்தில் வாடகை வீடோ தரச் சொல்லலாம்.

மனு போட எங்கே போவது என்ற கேள்விக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் பாதுகாப்பு அலுவலர் முதல் விடை. நடந்ததை அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையாகப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்புவார்; பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் சேர்ந்து தயாரிப்பார். இந்த அறிக்கை இல்லாமலும் மனுவை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே பாதுகாப்பு அலுவலரைச் சந்திக்க முடியவில்லை என்றால் வழக்கறிஞர் மூலமாகவோ நேரடியாகவோ நடுவரிடம் செல்லலாம். தாய்வீட்டிலோ தோழி வீட்டிலோ தற்காலிகமாகத் தங்கியிருந்தால், அந்த ஊர் நடுவரே விசாரிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பதற்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்கிறது; நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட அல்லது வட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உடனடி ஆபத்தில் 112, ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181. காயத்தோடு மருத்துவமனைக்குச் செல்பவரிடம் முதலில் புகார் கொடுத்துவிட்டு வருமாறு கூறிச் சிகிச்சையை மறுக்க விதிகள் இடம் தரவில்லை. அங்கே காரணத்தை மறைத்து "படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிடாமல், அடித்தது யார் என்பதை மருத்துவக் குறிப்பில் பதியச் செய்வது பிற்பாடு இரண்டு வழக்குகளுக்கும் பெரும் சான்றாகும்.

மனு கிடைத்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாட்களுக்குள் முடிவு என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் ஆகின்றன. இதை மறைத்து ஆறுதல் சொல்வது பின்னால் பெரிய துரோகமாகத் தெரியும். அதனால்தான் 23-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவை முதல் நாளிலேயே கேட்பது மிக முக்கியம். எதிர்தரப்பு வராமலேயே உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையில் நடுவர் அதை வழங்கலாம். மனுவின் நோட்டீஸ் கணவர் கைக்குப் போய்ச் சேரும் நாள்தான் பெரும்பாலும் ஆபத்து கூடும் நாள் என்பதால், அந்த நாளில் எங்கே இருப்பது, குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, அடையாள ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள உதவ வேண்டும்.

குற்ற வழக்கின் பாதை வேறு. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆவது பிரிவுகளாக மாறியிருக்கிறது. கணவரோ அவருடைய உறவினரோ மனைவிக்குச் செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். வரதட்சணை கேட்டிருந்தால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்பது தவறான எண்ணம். தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அல்லது உடலுக்கோ மனத்துக்கோ கடும் கேடு விளைவிக்கக்கூடிய நடத்தையும் கொடுமையே. காயப்படுத்துதல், கொலை மிரட்டல், நகைகளைத் தர மறுத்தல் போன்றவற்றுக்குத் தனிப் பிரிவுகள் சேரும். துரத்தப்பட்டுத் தாய்வீட்டில் இருப்பவர் அந்த ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1992 முதல் இயங்கிவரும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களே இத்தகைய புகார்கள் அதிகம் சென்றுசேரும் இடம். அங்கே புகார் கொடுத்தவுடன் பெரும்பாலும் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. அதை வாங்கி வந்து, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிப் பல மாதங்கள் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த ரசீது, மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ஒப்புகை மட்டுமே. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் குற்ற வழக்கு தொடங்குகிறது. அதன் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். குடும்பத் தகராறுகளில் பதிவுக்கு முன் ஒரு முதற்கட்ட விசாரணை நடத்த உச்ச நீதிமன்றம் 2013-இல் இடமளித்தது உண்மைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவும், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு அத்தகைய விசாரணையை 14 நாட்களுக்குள் முடிக்கச் சொல்கிறது. முடிவில்லாமல் இரு தரப்பையும் வரவழைத்துப் பேசிக்கொண்டிருக்க அது அனுமதிக்கவில்லை. பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பயனில்லை என்றால் நடுவரிடம் செல்லலாம்.

காலவரம்பிலும் இரண்டு பாதைகளும் வேறுபடுகின்றன. மூன்றாண்டு வரை தண்டனைக்குரிய குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மூன்றாண்டு வரம்பு உண்டு. கொடுமை தொடர்ந்துகொண்டிருந்தால் கணக்கும் புதிதாகத் தொடங்கும். குடும்ப வன்முறை மனுவுக்கோ ஓராண்டு வரம்பு பொருந்தாது என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கொன்றில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்குப் பதிவான பிறகு வரும் ஏமாற்றங்களில் முதலாவது, உடனே கைது நடக்காதது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அடுத்தது முன்ஜாமீன். கணவருக்கு முன்ஜாமீன் கிடைத்த செய்தியைக் கேட்டுத் "தோற்றுவிட்டேன்" என்று மனமுடைந்துபோகும் பெண்ணிடம், ஜாமீன் என்பது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அன்று, நிபந்தனைகளோடு வெளியே இருக்கும் அனுமதி என்பதையும், அவர் மிரட்டினால் அந்த ஜாமீனை ரத்து செய்யக் கோரலாம் என்பதையும் முன்பே சொல்லியிருந்தால் அந்த அடி பாதியாகக் குறையும். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்கக் காவல்துறை கடமைப்பட்டிருக்கிறது. குற்றப்பத்திரிகைக்குப் பின் நீண்ட காத்திருப்பு. அதன்பின் சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை. எதிர்தரப்பு வழக்கறிஞர் அவரைப் பொய்யர் என்று நிறுவ முயல்வார் என்பதும், அது அந்த வழக்கறிஞரின் பணிமுறை என்பதும், நினைவில் இல்லாததை "நினைவில்லை" என்று சொல்வதில் தவறில்லை என்பதும் அவருக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

குறுக்கு விசாரணையில் வழக்கைச் சாய்ப்பது பெரும்பாலும் முதல் புகாரின் எழுத்துதான். ஆத்திரத்தில் இருக்கும் உறவினரோ அவசரத்தில் இருக்கும் எழுத்தரோ எழுதிக் கொடுத்த புகாரில், வெளியூரில் வாழும் நாத்தனார் வரை எல்லாருடைய பெயரும் இருக்கும். "அனைவரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்ற ஒற்றை வரி இருக்கும். இத்தகைய பொதுப்படையான குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் மீண்டும் மீண்டும் ரத்து செய்திருக்கின்றன. அதனால் உண்மையாக நடந்த கொடுமையின் நம்பகத்தன்மையும் சேர்ந்து சரிகிறது. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்பதை மிகைப்படுத்தாமல், நடந்தபடி, பெண்ணின் சொந்தச் சொற்களில் எழுதுவதே பலம். காவல் புகாரிலும் குடும்ப வன்முறை மனுவிலும் மணவிலக்கு வழக்கிலும் ஒரே நிகழ்வு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதால், தேதிவாரியான ஒரு குறிப்பைத் தயாரித்து எல்லா வழக்கறிஞரிடமும் அதையே கொடுக்கலாம். வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுத்து வைப்பதோடு நிறுத்திவிடாமல் அவை வந்த கைபேசியையும் பாதுகாக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு சான்றிதழ் கேட்கிறது.

சமரசப் பேச்சு எந்தப் பாதையிலும் குறுக்கே வரும். சேர்ந்து வாழ விரும்பும் பெண்ணின் முடிவை எவரும் இழிவாகப் பார்க்கக் கூடாது. ஆனால் ஆலோசனை என்ற பெயரில் "நீ எதிர்த்துப் பேசியதால்தானே அடித்தார்" என்று விசாரிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. குடும்ப வன்முறைச் சட்ட விதிகளின் 14-ஆவது விதி, வன்முறைக்கு நியாயம் கற்பிக்கும் எந்தப் பேச்சையும் ஆலோசனையில் எதிர்மனுதாரர் முன்வைக்க அனுமதிக்கக் கூடாது என்றும், அதை அமர்வு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த விதியைப் பாதிக்கப்பட்டவரோடு செல்பவர் நினைவில் வைத்திருந்தால், அந்த அறையில் நடக்கும் பேச்சின் போக்கே மாறும்.

எதை முதலில் தொடங்குவது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடை இல்லை. உயிருக்கு ஆபத்தோ கடுமையான காயமோ இருந்தால் காவல் நிலையம் காத்திருக்க முடியாது. இருப்பிடமும் வருமானமுமே உடனடிப் பிரச்சினை என்றால் நடுவரிடம் போடும் மனுவை முந்தவிடுவது பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கத் தடையில்லை. குற்ற வழக்கில் கணவர் விடுதலையானாலும், கேள்வியும் சான்றின் அளவும் வேறு என்பதால், அந்த ஒரு காரணத்தாலேயே பராமரிப்பு உத்தரவு தானாக விழுந்துவிடாது. பராமரிப்புத் தொகையைக் குடும்ப வன்முறைச் சட்டத்திலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவிலும், மணவிலக்கு வழக்கிலும் கேட்கலாம். ஆனால் ஒன்றில் கிடைத்ததை மற்றொன்றில் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும், தொகை ஈடுசெய்யப்படும். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகையும் மனு தாக்கலான நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

உடன்செல்பவரின் வேலை இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது அன்று. நெடுங்கால அச்சத்தில் இருந்தவருக்கு முதல் நாள் கேட்டது மறுநாள் நினைவில் நிற்காமல் போகலாம். சலிக்காமல் மீண்டும் சொல்ல வேண்டும், அடுத்த தேதி எது, எந்த நீதிமன்றம், எதைக் கொண்டுபோவது என்பதை எழுதியும் தர வேண்டும். முடிவு அவருடையது. கணவரின் சொல்லுக்கு அடங்கி வாழ்ந்தவரை உதவி செய்பவரின் சொல்லுக்கு அடங்கச் செய்வதில் எந்த விடுதலையும் இல்லை.

உத்தரவு கையில் கிடைத்த பிறகும் கவனம் தேவை. அதன் நகலை இலவசமாகப் பெறும் உரிமை 24-ஆவது பிரிவில் இருக்கிறது; அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றம் நகல் அனுப்ப வேண்டும் என்பதால், அது போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம். பாதுகாப்பு உத்தரவு அவராக நீக்கக் கேட்கும்வரை நடப்பில் இருக்கும். கணவர் ஒருமுறை மீறினாலும், இடைக்கால உத்தரவாக இருந்தாலும், 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம். அந்த மீறலை நிரூபிக்க வேறு சாட்சி கிடைக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டுமே கொண்டு நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்று 32-ஆவது பிரிவு சொல்கிறது.